வீட்டிலே சவுக்காரம்: புதிதாகக் கற்றுக்கொள்வோருக்கு



நம் சபைகளின் பெண்கள் ஐக்கியக் கூடுகைகளில் தையலும் மெழுகுவர்த்தியும் கற்றுக்கொடுத்ததோடு, இப்பொழுது சோப்பும் குளியல் பொடியும் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். மதுரை நகரத்தில் மட்டுமல்ல, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களிலும் இந்த ஆசை உண்டு. வீட்டிலிருந்தபடியே செய்யலாம், கையில் நாலு காசு நிற்கும், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் இரண்டு கட்டி கொண்டுபோய் வைக்கலாம் என்று எண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்களுக்கு இதைக் கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்தே வருகிறது. சோப்புக்குள் போகிற பொருள்களில் ஒன்று, கவனம் தப்பினால், ஒரு குழந்தையின் தொண்டையை ஆயுள் முழுவதும் கெடுத்துவிடக் கூடியது. அதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதல் ஆலோசனை இதுதான்: சோப்பில் தொடங்க வேண்டாம், பொடியில் தொடங்குங்கள். நம் பாட்டிமார் சோப்பைக் கண்ணால் காண்பதற்கு முன்பே குளித்துச் சுத்தமாகத்தான் இருந்தார்கள். தலைக்குச் சீயக்காயும் அரப்பும், உடம்புக்குப் பயத்தமாவும், துணிக்கு உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் இருந்தன. இவற்றில் உவர்மண் ஒன்றைத் தவிர மற்றவை கையைச் சுடாதவை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

குளியல் பொடிக்கு ஒரு சாதாரண அளவு சொல்லுகிறோம். பச்சைப்பயறு அரைக் கிலோ, உலர்ந்த ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், கோரைக்கிழங்கு 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். கிடைத்தால் உலர்ந்த ரோஜா இதழ் ஒரு கைப்பிடி. கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். ஆவாரம்பூவை நம் கரிசல் காட்டு ஓரங்களில் பறித்து நிழலில் உலர்த்தினால் அந்தச் செலவும் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து (பூக்களை மட்டும் நிழலில்), சீயக்காய் அரைக்கிற மில்லில் கொடுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளவும். சாதாரண மாவு மில்லில் கொடுத்தால், உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருக்கக் கூடும். அதன் விளைவை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பொடியில் கெட்டுப்போவது ஈரத்தினால்தான். ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தேய்க்கிறவர்கள் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கரப்பான் புண் உள்ள தோலில் எந்தப் பொடியையும் உரசக் கூடாது, தொப்புள் காயாத குழந்தைக்குத் தொப்புளில் படவே கூடாது.

இந்தப் பொடிகளைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்காது, திரிதிரியாகப் பிரிந்து வாளியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத கசடாக மாறுவதுதான் காரணம். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றில் நுரை தருவது சோப்பு அல்ல, சபோனின் என்னும் வேறொரு பொருள். சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்வதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் அரப்புத்தூள் இன்றும் விலைபோவதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல என்று இதிலிருந்து அறியலாம்.

இனி சோப்புக்கு வருவோம். நம் வேதாகமத்தில் எரேமியா 2-ஆம் அதிகாரத்தில் உவர்மண்ணும் சவுக்காரமும் அடுத்தடுத்து வருவதைப் பலர் வாசித்திருப்பீர்கள். மல்கியா 3-ஆம் அதிகாரத்திலும் வண்ணாருடைய சவுக்காரம் வருகிறது. சோப்பு என்ற சொல் நம் வாயில் நிலைத்த பிறகு நாம் மறந்துபோன சொல் அது. இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றே சொல்லுகிறார்கள். காரம் என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். சோப்பு என்றால் எண்ணெயும் காரமும் சேர்ந்து, இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்றாக மாறிய பொருள். மாறிய பிறகு அதில் எண்ணெயும் இல்லை, காரமும் இல்லை. இதை விளங்கிக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது ஏன்? சாம்பலில் ஒரு காரம் இருக்கிறது. அது பாத்திரத்தில் உள்ள எண்ணெயில் கொஞ்சத்தை அந்த இடத்திலேயே சோப்பாக்கிவிடுகிறது. விறகுச் சாம்பலில் இருக்கும் காரம் பொட்டாசியம் சேர்ந்தது. அதைக் கொண்டு செய்தால் சோப்பு கெட்டியாகாமல் களிம்பு போல நிற்கும். உவர்மண்ணில் இருப்பது சோடியம் சேர்ந்தது. கெட்டிச் சோப்புக்குச் சோடியம்தான் வேண்டும். பிரான்சு தேசத்தில் லெப்ளாங்க் என்பவர் 1791-இல் சாப்பாட்டு உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சோப்பு எல்லாருக்கும் எட்டுகிற பண்டமானதற்கு அது ஒரு பெரிய காரணம். எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது, காரம் பட்டதும் அது எப்படிப் பிரிகிறது என்பதை அதே தேசத்து ஷெவ்ரல் பிறகு விளக்கி 1823-இல் புத்தகமாக வெளியிட்டார். எண்ணெய் சோப்பாகும்போது கிளிசரின் என்ற பொருள் பிரிந்து வரும். பெரிய ஆலைகளில் அதைத் தனியாக எடுத்து விற்றுவிடுவார்கள். வீட்டில் செய்யும் சோப்பில் அது கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கையால் செய்த சோப்பு தோலை அவ்வளவாக வறட்டவில்லை என்று சொல்லுகிறார்களே, அதில் உண்மை இருக்கிறது.

இன்றைக்கு நாம் கடையில் வாங்கும் காரம் காஸ்டிக் சோடா. வெள்ளைச் செதில் செதிலாக இருக்கும், கல்கண்டுத் தூள் போலத் தோன்றும். எங்கள் பயம் இதைப் பற்றியதுதான்.

அமிலம் பட்டால் உடனே சுரீர் என்று எரியும், கையை இழுத்துக்கொள்வோம். காஸ்டிக் சோடாக் கரைசல் பட்டால் முதலில் வழுவழுப்பாகத்தான் இருக்கும். அந்த வழுவழுப்பு எது தெரியுமா? உங்கள் தோலில் உள்ள கொழுப்பே சோப்பாக மாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. வலி வருவதற்குள் அது ஆழமாக இறங்கிவிடும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். குழந்தை ஒரு மடக்கு குடித்துவிட்டால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிப்போகும். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்க வேண்டுமானால் பல முறை குழாயை விரிக்கும் சிகிச்சையும், சில வேளைகளில் பெரிய அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. மீதமான கரைசலைப் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரை ஓரமாக வைப்பார்கள். வெளியே விளையாடிவிட்டுத் தாகத்தோடு வருகிற பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும்.

ஆகையால், கரைத்த காஸ்டிக் சோடாவை மிச்சம் வைக்கிற பழக்கமே வேண்டாம். வேண்டிய அளவை நிறுத்து, அன்றைக்கே கரைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். செதிலை அதன் சொந்த டப்பாவிலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் வைக்கவும். சோப்பு செய்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலுக்குச் செருப்பு ஆகியவை கட்டாயம். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

பட்டுவிட்டால் என்ன செய்வது? ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணானால் இமையைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் கழுவி, அதன் பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் போகவும். காரத்துக்கு மாற்று புளிப்பு என்று எலுமிச்சம்பழமும் வினிகரும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது கூடாது. இரண்டும் சேரும்போது சூடு உண்டாகிப் புண்ணை அதிகமாக்கும், கழுவ வேண்டிய நேரமும் வீணாகும். குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது ஒரு முறை சுட்டது, திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். விரலை விடாமல், எதையும் புகட்டாமல், வாயை மட்டும் கழுவி, அந்தக் காஸ்டிக் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள்.

இவ்வளவு படித்தும் செய்ய மனமிருக்கிறவர்களுக்கு இனி செய்முறை. பயமுறுத்தி நிறுத்துவது எங்கள் நோக்கமல்ல. அரிவாள்மணையும் ஆபத்தான பொருள்தான், பழகின கை அதில் தினமும் காய் நறுக்குகிறது.

முதலில் ஒரு தராசு வேண்டும், கிராம் காட்டுகிற மின்தராசு. டம்ளரிலும் ஆழாக்கிலும் அளந்து சோப்பு செய்ய முடியாது. ஒவ்வொரு எண்ணெயும் தனக்கென்று ஓர் அளவு காரத்தைக் கேட்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்கு 128. தோலுக்கு மென்மையாக இருக்க, கணக்கில் வருவதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தே காரம் போடுவது வழக்கம். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சட்டும் என்பதற்காக.

தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என்று ஒரு கிலோ எடுத்துக்கொண்டால், கணக்கின்படி 163 கிராம் காரம் வருகிறது. ஐந்து பங்கு கழித்தால் 155 கிராம். தண்ணீர் 330 கிராம். புதியவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். தேங்காய் எண்ணெய் நுரையும் கெட்டியும் தரும், கடலை எண்ணெய் மென்மை தரும், விளக்கெண்ணெய் நுரையை நிற்க வைக்கும். மதுரைத் தண்ணீருக்குத் தேங்காய் எண்ணெய் பங்கு அதிகமாக இருப்பது நல்லது. உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைப்பது அதன் சோப்புதான். கப்பல்களில் கடல் தண்ணீரில் குளிப்பதற்கென்று செய்த சோப்பும் தேங்காய் எண்ணெயில் செய்ததே.

கணக்கை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஓர் உதாரணம். தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று ஒருவர் அந்த 600 கிராமுக்கும் கடலை எண்ணெயையே ஊற்றுகிறார், காரத்தை மட்டும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெய்க்கு 135 கிராம்தான் தேவை. மீதி 20 கிராம் காஸ்டிக் சோடா சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். பார்க்க நல்ல வெள்ளைக் கட்டியாகவே இருக்கும். குளிக்கிறவருக்குத்தான் தெரியும். இன்னொன்று: லிட்டர் பாக்கெட்டைக் கிலோ என்று எண்ணக் கூடாது. எண்ணெய்ப் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அந்த 90 கிராம் குறைந்தாலே நாம் விட்ட ஐந்து பங்கும் போய், காரம் மிஞ்ச ஆரம்பித்துவிடுகிறது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காரம் அதை அரித்துப் பொங்கி, தீப்பற்றக்கூடிய வாயுவைக் கிளப்பும். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், சுத்திகரித்த குடிதண்ணீர் எடுக்கவும். தண்ணீரை முதலில் ஊற்றி வைத்து, அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கலக்கும்போதே கரைசல் அடுப்பில் வைத்தது போலக் கொதிசூடு அடையும், நெடியும் கிளம்பும். வாசலிலோ மொட்டைமாடி நிழலிலோ வைத்து, காற்று வரும் பக்கமாக நின்று கலக்கவும். சித்திரை வைகாசி வெயிலில் குளிர்ந்த தண்ணீரையே உபயோகிக்க வேண்டும்.

கரைசல் ஆறிக் கைபொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 40 டிகிரிக்கு, வரட்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும், உள்ளே விரல் விட வேண்டாம். மூன்று எண்ணெயையும் ஒன்றாக்கி அதே பதமான சூட்டில் வைத்துக்கொண்டு, கரைசலை மெல்ல எண்ணெயில் ஊற்றி, ஒரே பக்கமாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கையால் கலக்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மின்மத்து வைத்திருப்பவர்களுக்குச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த மத்து அதன் பிறகு மோருக்குத் திரும்பக் கூடாது. எண்ணெய் மினுமினுப்பு மறைந்து, தோசை மாவு பதத்துக்கு வந்து, கரண்டியால் மேலே ஒரு கோடு ஊற்றினால் அந்தக் கோடு கொஞ்ச நேரம் அழியாமல் நிற்கும். அதுதான் பதம். அதன் பிறகு வாசனைக்கு எலுமிச்சைப்புல் தைலம் 15 கிராம் சேர்த்து, காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, பழைய சாக்கால் மூடி வைத்துவிடவும். மறுநாள் கெட்டியாகியிருக்கும். உறை போட்ட கையாலேயே எடுத்துத் துண்டு போடுங்கள். அப்பொழுதும் அது முழுச் சோப்பு அல்ல.

வாசனை என்றதும் எல்லாருக்கும் மல்லிகை நினைவு வரும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சிச் சோப்பில் ஊற்றினால் மணம் வராது. சூடும் காரமும் அதைக் கொன்றுவிடும். பூக்கூடையைச் சோப்புக்குச் செலவழிக்காமல் தலைக்கே வைத்துக்கொள்ளலாம். மஞ்சளுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. சோப்பில் போட்டால் மஞ்சள் நிறம் வராமல் சிவந்துபோகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆலத்தி நீர் சிவக்கிறதல்லவா, அதே காரணம்தான். சோப்பில் மஞ்சள் நீரைத் தொட்டுச் சிவந்தால் காரம் மிஞ்சியிருக்கிறது என்று சிலர் சோதிக்கிறார்கள். நல்ல சோப்பும் காரத் தன்மை உள்ளதே, ஆகவே நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலச் சிவக்கும். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். கடையில் கிடைக்கும் பி.எச். காகிதத்தை நனைத்த சோப்பில் வைத்துப் பார்த்தால் 9 அல்லது 10 காட்ட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் குளிக்க ஆகாது. நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

துண்டு போட்ட கட்டிகளைக் காற்றோட்டமான பலகையில் இடைவெளி விட்டு அடுக்கி, நாலு முதல் ஆறு வாரம் ஆறவிட வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் பொறுமை இழக்கிற இடம் இதுதான். இந்த நாட்களில் ஈரம் வற்றிக் கட்டி இறுகும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டியின் மேல் வியர்வை போல நீர் துளிர்க்கும். பயப்பட வேண்டாம், கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் அப்படி ஆகிறது. பிளாஸ்டிக் உறையில் மட்டும் அப்பொழுது அடைக்காதீர்கள். கலக்கின பாத்திரத்தை அன்றே தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு எட்டாமல் ஒருநாள் மூடி வைத்தால் ஒட்டியிருப்பதெல்லாம் சோப்பாகி, தண்ணீர் ஊற்றியதும் தானாக நுரைத்துப் போய்விடும்.

சாப்பிடுகிற எண்ணெயை இப்படிச் சோப்புக்கு ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. மதுரையிலிருந்து இராஜபாளையம் போகிற சாலையில் உள்ள தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம்முடைய கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா அவர்களின் கூட்டத்தார் இதை வெகு காலம் முன்பே யோசித்தார்கள். 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயேசுவின் போதனைகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1945-இல் வெளிவந்தது. 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவரே. சோப்பும் அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட தொழில்களில் ஒன்று. சாப்பாட்டுக்கு உதவாத மரவிதை எண்ணெய்களை, அதாவது வேம்பு, புங்கு, இலுப்பை, புன்னை ஆகியவற்றைச் சோப்புக்குத் திருப்ப வேண்டும் என்பது கிராமத் தொழில் இயக்கத்தாரின் கொள்கை. 1957-இல் ஏற்பட்ட கதர் கிராமத் தொழில் ஆணையமும் அதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

ஆனி, ஆடி மாதங்களில் நம் கிராமங்களில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். வயதான பெண்கள் அதைப் பொறுக்கி, கழுவி, முத்து எடுத்து விற்று அந்த மாதச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் சொன்ன அளவில் கடலை எண்ணெய் 300 கிராமில் 100 கிராமைக் குறைத்து வேப்பெண்ணெய் சேர்க்கலாம். இலுப்பெண்ணெயும் அப்படியே. இவை கேட்கிற காரம் ஏறக்குறைய கடலை எண்ணெயின் அளவே. அதனால் 155 கிராமை மாற்ற வேண்டியதில்லை. வேப்பெண்ணெயின் நாற்றத்தை எந்தத் தைலமும் முழுதாக மறைக்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காசு விஷயத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ எண்ணெயில் ஆறின பிறகு நூறு கிராம் கட்டி ஏறக்குறைய பதின்மூன்று கிடைக்கும். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில், கடைச் சோப்பைவிட மலிவாக உங்களால் கொடுக்க முடியாது. வாங்குகிறவர் விலைக்காக வாங்கமாட்டார், உங்கள் சோப்பின் தரத்துக்காக வாங்குவார். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி. பி. சித்தன் 1969-இல் தம் வீட்டுச் சமையலறையில் தம் மனைவியோடு சேர்ந்து கையால் செய்யத் தொடங்கியதுதான் பின்பு மெடிமிக்ஸ் என்று நாடெங்கும் விற்ற சோப்பு. அப்படியும் நடக்கும். ஆனால் விற்கிறவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் முதலில் சோப்பு சேர்க்கப்படவில்லை. 1982-இல் செய்த திருத்தத்தால் அதுவும் உள்ளே வந்துவிட்டது. குளியல் சோப்பு தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏலத்துக்கு வைக்க நினைக்கிற ஐக்கியங்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சில பயிற்சிகளில் காஸ்டிக் சோடாவே இல்லாமல், தயாராக விற்கும் சோப்புப் பாளத்தை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைச் சோப்பு செய்வது என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. வேறொருவர் செய்த சோப்பை உருக்கி ஊற்றுவதுதான் அது. என்றாலும் பிள்ளைகள் உள்ள சின்ன வீடுகளில் அதுவே மேல் என்று சொல்லுவோம்.

மருந்துச் சோப்பு என்று பெயர் எழுதி விற்பதைக் குறித்து ஒரு வார்த்தை. கை கழுவச் சோப்பு எவ்வளவு அவசியம் என்பதில் சந்தேகமில்லை. வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ் 1847-இல் மருத்துவர்களைக் கிருமிநாசினிக் கரைசலில் கை கழுவ வைத்ததும் தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அன்றைய மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை, பல ஆண்டுகள் கழித்தே ஏற்றுக்கொண்டது. அதற்கு எந்தச் சாதாரணச் சோப்பும் போதும். வேப்பெண்ணெய்ச் சோப்பு சொறி சிரங்கைத் தீர்க்கும், தேமலை நீக்கும் என்று சொல்லி விற்பதுதான் எங்களுக்குக் கவலை. தோலில் வெளுத்த படை தோன்றி, அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கூட்டு மருந்து இலவசமாகத் தருகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மூலிகைச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். மருந்து கிருமியைக் கொல்லும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

உணர்ச்சி போன கைகளைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோயால் கை கால் மரத்துப்போனவர்களுக்கும் கைத்தொழில் பயிற்சியாகச் சோப்பு செய்யச் சொல்லிக்கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் காரம் முதலில் வலிக்காது என்று மேலே சொன்னோம். மரத்த கைக்கு அது கடைசி வரைக்கும் வலிக்காது. கையுறையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் எலும்பு தெரிகிற வரைக்கும் தெரியாமலே போகலாம். உருக்கி ஊற்றுகிற முறையிலும் சூடான பாத்திரம் அதே கேட்டைச் செய்யும். இவர்கள் தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைந்திருப்பதால் அதிகச் சோப்பும் ஆகாது. தினமும் அரை மணி நேரம் கையையும் காலையும் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுவதே அவர்களுக்கு ஏற்றது. பயிற்சிக் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் கரைசலும் அடுப்பும் அவர்கள் பக்கம் போகாமல், முழுதாக ஆறின கட்டியை நிறுப்பது, உறை போடுவது, தேதி எழுதுவது, கணக்குப் பார்ப்பது ஆகிய வேலைகளை அவர்களிடம் கொடுங்கள். வருகிற காசில் பங்கு மட்டும் சமமாக இருக்கட்டும்.